பூட்டு ஊரில் ஒரு பந்து

"திண்டுக்கல்லுக்குப் போகிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். கேட்கிறவர் உடனே ஒரு பூட்டு வாங்கிவரச் சொல்வார். அல்லது பிரியாணி கட்டிக்கொண்டு வர முடியுமா என்று விசாரிப்பார். இந்தத் தடவை நான் போனது இரண்டுக்கும் அல்ல. ஒரு பந்து விவகாரமாகப் போனேன்.

நாகல்நகரில் என் தங்கை வீடு. அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு பிள்ளை. அவனைப் பற்றி ஆறு வருஷமாக எனக்கு வந்துகொண்டிருந்த புகார் ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, எந்நேரமும் பந்து, பந்துதான். புஸ்தகத்தைத் தொடறதே இல்லை." இந்தத் தடவை டெலிபோனில் வந்த புகார் தலைகீழாக மாறியிருந்தது.

"அண்ணே, பத்து நாளாப் பந்தைத் தொடலை. புஸ்தகத்தையும் தொடலை. சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நீங்க ஒரு நடை வந்துட்டுப் போங்க."

போனேன். விஷயம் இதுதான். பையன் உள்ளூர்க் கால்பந்துக் குழு ஒன்றில் முன்வரிசை ஆட்டக்காரன், கோல் போடுகிறவன். கோடைப் போட்டிக்காகக் குழுவை நடத்துகிறவர் வெளியிலிருந்து இரண்டு பேரைச் சம்பளம் பேசி அழைத்து வந்துவிட்டார். ஒருவர் மலையாளத்துக்காரர். இன்னொருவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறவர். ஆறடிக்கு மேல் உயரமாம். இருவரும் முன்வரிசையில் நின்றார்கள். என் மருமான் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"கோல் போடுற இடம் ஒண்ணு ரெண்டுதான் மாமா இருக்கு. அங்கே வெளியூர்க்காரங்களை நிறுத்திட்டா நான் எங்கே நிக்கிறது?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. பதில் தோன்றாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்கள்? "வா, காலாற நடந்துவிட்டு வரலாம்" என்பார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

மலைமேல் ஹைதர் அலி

திண்டுக்கல்லில் காலாற நடப்பது என்றால் மலைக்கோட்டைதான். ஊருக்கு நடுவில் ஒரே பாறை. திண்டைப் போட்டு வைத்தாற்போல் கிடக்கிறது. திண்டு போன்ற கல் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். திண்டில் சாய்ந்துகொள்ளலாம், இந்தத் திண்டின்மேல் ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. பையன் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போனான். நான் நாலு படிக்கு ஒரு தரம் நின்று, சரித்திரத்தை நினைவுபடுத்திக்கொள்வதுபோல் பாவனை செய்தேன்.

பாவனை வீண் போகவில்லை. சரித்திரமும் நினைவுக்கு வந்தது. 1605-ல் மதுரை நாயக்கரான முத்துக் கிருஷ்ணப்பர் எழுப்பத் தொடங்கிய கோட்டை இது. 1755-ல் மைசூர் அரசின் சார்பில் இந்தச் சீமைக்குப் பௌஜ்தாராக வந்து சேர்ந்தார் ஒரு ராணுவ வீரர். அவர்தான் ஹைதர் அலி. எழுத்து வாசனை இல்லாதவர். ஆனால் யாரிடம் என்ன கற்கலாம் என்பதை நன்றாக அறிந்தவர். பிரெஞ்சுக்காரர்களை வரவழைத்து இங்கே ஓர் ஆயுதசாலையை ஏற்படுத்தினார். பீரங்கி செய்யவும், அதைக் கையாளவும், வரிசை குலையாமல் நின்று சண்டையிடவும் தம் சிப்பாய்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்தார்.

"பார்த்தாயா? உன் குழுத் தலைவருக்கு முன்பே ஹைதர் அலி இந்த ஊருக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்குமதி செய்துவிட்டார்!" என்றேன்.

பையன் சிரிக்கவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" என்றான்.

அப்புறம் ஆனது பெரிய கதை. 1769-ல் ஹைதர் தம் குதிரைப் படையோடு சென்னைப் பட்டணத்து வாசலுக்கே வந்து நின்றார். ஆங்கிலேயர்கள் அவருடன் சமாதான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. வாத்தியார்களில் பிரெஞ்சுக்காரர் இருந்தார்கள். படையில் பெரும் பகுதி நம்மவர்கள்தான். விஷயத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

உச்சியில் நல்ல காற்று. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் நீல நிறத்தில் பழனி மலைத் தொடர், நடுவே தென்னந்தோப்பும் மானாவாரி நிலமுமாக விரிந்து கிடக்கும் சமவெளி. பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் எறும்பு அளவில் பையன்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். என் மருமான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, என் கதையை விடுங்க. இந்தியா டீமோட கதையும் இதேதான்" என்று ஆரம்பித்தான்.

பையன் அடுக்கிய கணக்கு

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கணக்கில் பிசகு இல்லை. பிறகு நானும் சரிபார்த்தேன்.

இந்தியன் சூப்பர் லீக் போட்டி 2014-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் களத்தில் இறங்கும் 11 பேரில் 6 பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். 2017-18-ல் அது 5 ஆயிற்று. 2021-22-ல் 4 ஆயிற்று. ஆனால் எண்ணிக்கை குறைந்தாலும் அந்த நான்கு பேரில் ஒருவராவது கோல் போடும் இடத்தில்தான் நிற்பார். காசு கொடுத்து ஆள் கொண்டு வருகிறவர் கோலுக்காகத்தானே கொண்டு வருகிறார்? அதன் பலன்: 2014 முதல் 2024-25 வரை நடந்த 11 பருவங்களிலும் அதிக கோல் அடித்தவருக்கு உரிய தங்கக் காலணியை வெளிநாட்டவரே வாங்கிக்கொண்டு போனார். ஒரு தடவைகூட இந்தியருக்குக் கிடைக்கவில்லை.

தேசிய அணி? 2024 ஜனவரியில் கத்தார் நாட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை. 2024 ஜூனில் சுனில் சேத்ரி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் அகப்படாமல், 2025 மார்ச்சில், தமது நாற்பதாவது வயதில், மறுபடியும் தேசிய அணிக்குத் திரும்பி வந்தார். அந்த வருஷம் அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பும் கைநழுவியது.

"இப்போ சொல்லுங்க மாமா. வெளிநாட்டுக்காரங்களை விட்டதாலே வந்த வினைதானே?"

வழக்கு பலமாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் வேண்டாமா?

"1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் நமக்குத் தங்கம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் நம் தஞ்சாவூர்க்காரர், சைமன் சுந்தர்ராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா போகவே இல்லை. சூப்பர் லீக் வந்தது எப்போது என்றாய்?"

"2014."

"நடுவே அரை நூற்றாண்டு இருக்கிறதே! அத்தனை காலமும் நம் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்?"

பையன் பதில் சொல்லவில்லை. கீழே இருட்ட ஆரம்பித்திருந்தது. இறங்கினோம்.

சீமையில் நடந்தது

வெறும் வயிற்றோடு வாதம் செய்யக் கூடாது என்று பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனேன். திண்டுக்கல் பிரியாணியின் புகழ் வாசகர்கள் அறிந்ததே. 1957-ல் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இங்கே தொடங்கிய சிறு கடை, அந்தத் தலைப்பாகையாலேயே இன்று தேசாந்தரம் எல்லாம் பெயர் பெற்றிருக்கிறது. பிரியாணி நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சமையலா? வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்த ஊரார் அதில் சீரகச் சம்பாவைப் போட்டார்கள். ஊர் ருசிக்கு மிளகையும் காரத்தையும் ஏற்றினார்கள். விருந்தாளியாக வந்த பிரியாணி வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

இரண்டாவது கரண்டி விழுந்ததும் பையனுக்கு இங்கிலாந்தின் கதையைச் சொன்னேன். கால்பந்துக்குத் தாய்வீடு என்று பெருமை பேசும் தேசம் அது. அங்கேயும் இதே சண்டை வெகு காலமாக நடக்கிறது.

1931-ல் ஆங்கிலேயர்கள் தங்கள் கால்பந்து வீட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். வெளிநாட்டுக்காரன் இரண்டு வருஷம் அங்கே குடியிருந்தால் ஒழிய, சம்பள ஆட்டக்காரனாக விளையாட முடியாது. அந்தப் பூட்டு 1978 வரையில் தொங்கிற்று. நடுவில் 1966-ல் உலகக் கோப்பையை வென்றார்கள், வாஸ்தவம். ஆனால் 1974, 1978 இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெறவே முடியவில்லை. பூட்டு தொங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தக் கதி!

பிறகு கதவு திறந்தது. 1995-ல் பாஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர் போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு கதவே இல்லை என்று ஆகிவிட்டது. 1999 டிசம்பர் 26 அன்று லண்டன் செல்சீ குழு ஓர் ஆங்கிலேயர்கூட இல்லாமல் 11 வெளிநாட்டவரோடு களத்தில் இறங்கியது. 2008 ஐரோப்பியக் கோப்பைக்கு இங்கிலாந்து தகுதி பெறாமல் போனபோது, "சொன்னோமே, கேட்டீர்களா?" என்று பத்திரிகைகள் கூக்குரல் இட்டன.

"அப்போ நான் சொன்னது சரிதானே?" என்றான் பையன்.

"பொறு. மிச்சத்தையும் கேள்."

2010-ல் ஒரு விதி செய்தார்கள்: 25 பேர் கொண்ட குழுவில் 8 இடங்கள் உள்நாட்டுக் குழுக்களில் பயின்று வளர்ந்தவர்களுக்கே, அப்படிப் பயிலாதவர்களைக் கொண்டு அவற்றை நிரப்பக் கூடாது. 2012-ல் குழுக்களின் இளைஞர் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து, சிறு பையன்கள் பயிலும் நேரத்தைக் கூட்டினார்கள். தேசிய அணிகளுக்கென்று பெரிய பயிற்சி நிலையம் ஒன்றும் அதே வருஷம் திறந்தார்கள். வெளிநாட்டவரை விரட்டவில்லை, அவர்கள் பெருகிக்கொண்டேதான் இருந்தார்கள். ஐந்தே வருஷம். 2017-ல் இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இங்கிலாந்துக்கு. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையும் இங்கிலாந்துக்கு. இந்த இரண்டாவது கோப்பையை அவர்கள் எங்கே வென்றார்கள் தெரியுமா? நம் கல்கத்தாவில்! அக்டோபர் 28 அன்று, ஸ்பெயினை 5-2 என்று தோற்கடித்தார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட பில் போடன் என்ற பையன், மான்செஸ்டரில் ஸ்பெயின் தேசத்துப் பயிற்சியாளரின் கீழே, ஸ்பெயின் தேசத்து ஆட்டக்காரர்களின் பக்கத்திலே நின்று ஆடக் கற்றவன். 2021-லும் 2024-லும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரையில் இங்கிலாந்து போயிற்று.

அதே 2017 போட்டியில் இந்தியப் பையன்களும் ஆடினார்கள். விருந்து கொடுத்தவர்கள் நாம்தானே! மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரே ஒரு கோல். இரண்டு தேசத்துப் பையன்களும் ஒரே வயது. அவர்களுக்குப் பின்னால் ஒரு பள்ளி இருந்தது. நம் பையன்களுக்குப் பின்னால் அப்படி எத்தனை இருந்தன?

பூட்டுக்காரர் சொன்னது

மறுநாள் காலையில், வாங்க மாட்டேன் என்று சபதம் செய்திருந்த பூட்டை வாங்கப் போனேன். பழைய பட்டறை ஒன்று. மாங்காய் வடிவப் பூட்டு, அலமாரிப் பூட்டு, சாவியைத் திருப்பினால் 'டிங் டிங்' என்று அடிக்கும் மணிப் பூட்டு என்று வகை வகையாக இருந்தன. எல்லாம் கை வேலை. உள்ளே இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, சாவியோடு பொருத்திப் பார்த்து, மறுபடி ராவுகிறார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பட்டறையில் இருந்த நாலு பேரில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை.

"அலிகார் பூட்டு வந்து உங்கள் தொழிலைக் கெடுத்துவிட்டதாமே?" என்று கேட்டேன்.

பெரியவர் அரத்தைக் கீழே வைத்தார். "எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. பாதி நெசம். அது மிஷின்ல செய்யுறது, விலை சல்லிசு. ஆனா மீதிப் பாதியைச் சொல்ல மாட்டேங்குறாங்க. எங்கப்பன் காலத்திலே எட்டு வயசுப் பையன் பட்டறை ஓரத்திலே உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கிட்டே இருப்பான். இப்போ எங்க பிள்ளைகளை நாங்களே இங்கே உட்கார வைக்கிறதில்லை. உட்காராம எப்படி வரும் வேலை? அலிகார்க்காரனா வந்து எங்க பிள்ளை கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனான்?"

பக்கத்தில் நின்ற என் மருமானைப் பார்த்தேன். அவன் மணிப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. அந்தப் பூட்டையே வாங்கித் தங்கை வீட்டுக் கதவுக்குக் கொடுத்தேன்.

நத்தம் மைதானம்

அன்று மத்தியானம் பஸ் ஏறி நத்தம் சாலையில் போனோம். சாணார்பட்டி, கோபால்பட்டி என்று ஊர்கள் வர, சிறுமலை வலப் பக்கமாகக் கூடவே வருகிறது. புளிய மரமும் மாந்தோப்பும் கண்ணுக்குக் குளிர்ச்சி. இந்த நாட்டுப்புறத்தில், ஒரு கல்லூரி வளாகத்துக்குள், மலை பின்னணியில் இருக்க, படம் எழுதினாற்போல் ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. என்.பி.ஆர். கல்லூரி மைதானம் என்று பெயர்.

"நான் கால்பந்துக்காரன் மாமா, என்னை ஏன் இங்கே கூட்டி வந்தீங்க?" என்றான்.

காரணம் இருந்தது. 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் இங்கே நடந்திருக்கின்றன. 2018-ல் பிற மாநிலத்தாரையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். கிரிக்கெட் வாரியத்தை அப்போது நிர்வகித்த கமிட்டி கூடாது என்றுவிட்டது. ஆகவே தமிழ்நாட்டுப் பையன்களுக்கே இடம். 2016-ல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில் பந்து வீசினவர்களில் ஒருவர் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். அங்கிருந்து ஐ.பி.எல். போனார். 2020-ல் ஹைதராபாத் அணியில் ஆஸ்திரேலியரான டேவிட் வார்னரின் தலைமையில் ஆடினார். அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியா போய், ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார்.

கவனிக்க வேண்டியது இதுதான். நாற்றங்காலுக்கு வேலி இருந்தது. அங்கே உள்ளூர்ப் பயிர் மட்டுமே. வளர்ந்த பிறகு வேலி கிடையாது, ஐ.பி.எல். களத்தில் 11 பேரில் 4 வெளிநாட்டவரோடு தோளுக்குத் தோள் நின்றாக வேண்டும். அந்த நாலு பேரும் நடராஜனின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அவருடைய ஆட்டத்தைக் கூர் தீட்டினார்கள். கிரிக்கெட்டில் நாற்றங்காலை முதலில் போட்டுவிட்டு, பிறகு விருந்தாளியை அழைத்தோம். கால்பந்தில் நாற்றங்கால் சரியாக இல்லாமலே விருந்தாளிக்கு நடுக்கூடத்தில் இலை போட்டுவிட்டோம். விருந்தாளிமேல் என்ன குற்றம்?

உள்ளூர்ப் பெருமை மட்டும் போதும் என்பதும் இல்லை. இதே மைதானத்தில் 2025 ஜூலை 6 அன்று இறுதி ஆட்டம் நடந்தது. சொந்த மண்ணில், 2024-ல் கோப்பை வென்ற அதே திண்டுக்கல் அணி, அஸ்வின் தலைமையில் ஆடியும், திருப்பூரிடம் 118 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. மண் நம்முடையது என்பதற்காகப் பந்து தயவு காட்டுவதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வெகு நேரம் பையன் பேசவில்லை. கோபால்பட்டி தாண்டியதும் கேட்டேன்.

"அந்த ஆப்பிரிக்கப் பிள்ளை எப்படி ஆடுகிறார்?"

"நல்லாத்தான் ஆடுறார்" என்றான் வேண்டா வெறுப்பாக. பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "பந்து பின்னாலே வர்றப்போ, திரும்பிப் பார்க்காமலே உடம்பாலே ஆளைத் தடுத்துக்கிட்டு ஒரு திருப்பு திருப்புவார் மாமா. எப்படின்னே தெரியலை. தினம் காலையிலே அஞ்சரை மணிக்கு மைதானத்துக்கு வந்து தனியா அதையே பழகுவாராம்."

"நீ கேட்டாயா, எப்படி என்று?"

"நான் ஏன் கேக்கணும்? என் இடத்தை எடுத்துக்கிட்டவர்கிட்டே..." என்று இழுத்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். ஜன்னல் வழியே சிறுமலையைப் பார்த்தான்.

நானும் மேலே பேசவில்லை. அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கோடைப் போட்டிக் கோப்பைக்காகப் பதினாறு வயதுப் பிள்ளையை ஓரம் கட்டுகிறவர் நாற்றைப் பிடுங்கி அடுப்பில் வைக்கிறவர்தான். அவருக்கு ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இத்தனை உள்ளூர்ப் பையன்கள் இறங்கியே தீர வேண்டும் என்று யாராவது சட்டம் போட வேண்டும். ஆனால் சட்டம் வருகிற வரையில் பையன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

மறுநாள் விடியற்காலம். நல்ல தூக்கம். 'டிங்... டிங்... டிங்' என்று எங்கோ மணி அடித்தது. கோயில் மணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். அடுத்த அறையிலிருந்து தங்கை, "அண்ணே, கதவை யாரோ திறக்கிறாங்க!" என்று பதறி எழுந்தாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து பத்து. வாசலில் பையனின் பூட்ஸைக் காணோம். மூலையில் பத்து நாளாகத் தூசி படிந்து கிடந்த பந்தையும் காணோம்.

"படுத்துக்கொள் அம்மா, திருடன் இல்லை" என்றேன்.